ஃபுல்பேக் எங்கே போனார்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி நான் எடுத்து வைத்திருக்கும் பழைய குறிப்புகளில் ஒரு வரி இருக்கிறது: "ஃபுல்பேக் என்ற இடம் ஒழிந்துவிட்டது." அந்த வரி தப்பு. எப்படித் தப்பு என்று கண்டுபிடித்த கதைதான் இந்தக் கட்டுரை.

நான் செய்தது ரொம்ப எளிமையான வேலை. அணிகள் வெளியிடும் ஆட்டக்காரர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் ஆடும் இடத்தின் சுருக்கக் குறி இருக்கும். அதில் 'எஃப்.பி.' என்ற குறியைத் தேடிப் பார்த்தேன். பழைய பட்டியல்களில் தாராளமாகக் கிடைத்தது. புதிய பட்டியல்களில் பல அணிகளில் ஒருவர்கூட இல்லை. முடிவை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பிறகு ஆட்டங்களின் வீடியோவை நிதானமாகப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. இல்லாத ஆள் செய்ய வேண்டிய வேலையை யாரோ ஒருவர் களத்தில் செய்துகொண்டிருந்தார்!

இருபது வருடமாகப் புரோகிராம் எழுதிப் பிழைப்பவனுக்கு இது உடனே உறைத்திருக்க வேண்டும். ஒரு ஃபங்ஷனின் பெயரைத் தேடி, கிடைக்கவில்லை என்பதால் அது செய்த வேலையே சிஸ்டத்தில் இல்லை என்று சொல்ல முடியுமா? பெயர் மாறியிருக்கலாம். உடைத்து வேறு நாலு இடத்தில் வைத்திருக்கலாம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக அடிப்படை. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள், அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. பந்தை ஸ்னாப் செய்யும் நேரத்தில் முன்வரிசைக்குப் பின்னால் அதிகபட்சம் 4 பேர்தான் நிற்கலாம். இந்த நாலு பேர் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பின்னால் நிற்பவர்கள் எல்லாம் 'பேக்'. எவ்வளவு தூரம் பின்னால் என்பதைப் பொறுத்து கால், அரை, முழு. கால் தூரத்தில் குவார்ட்டர்பேக், அரை தூரத்தில் ஹாஃப்பேக், முழு தூரத்தில் ஃபுல்பேக். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் புகழ்பெற்ற 'ஐ' அமைப்பில் ஃபுல்பேக் முன்னால் நிற்பார். அவருக்குப் பின்னால்தான் ஓட்டக்காரரான டெயில்பேக். முழு தூரம் என்ற பெயரை வைத்துக்கொண்டு பாதி தூரத்தில் நின்றவர் அவர். ஆக, இவர் விஷயத்தில் பெயரும் நிலையும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை.

அவர் செய்த வேலைகள்

ஃபுல்பேக்குக்கு முக்கியமாக நாலு வேலை. ஒன்று, ஓட்டக்காரருக்கு முன்னால் ஓடி, எதிரே வரும் லைன்பேக்கரை முட்டி விலக்குவது. இரண்டு, தானே பந்தை வாங்கி நடுவில் புகுந்து, எதிரணியின் கண்ணை நடுவிலேயே கட்டிப் போடுவது. மூன்று, ஒரு கெஜம், அரை கெஜம் தேவைப்படும்போது இடித்துக்கொண்டு முன்னேறுவது. நான்கு, குவார்ட்டர்பேக் பந்து வீசும்போது அவரை அடிக்க வருபவரைத் தடுப்பது.

இரண்டாவது வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். 1968-ல் தலைமைப் பயிற்சியாளர் டேரல் ராயலிடம் வேலை பார்த்த எமரி பெல்லார்ட், 'விஷ்போன்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால் ஃபுல்பேக் ஸ்டீவ் வொர்ஸ்டர், அவருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஹாஃப்பேக்குகள். எதிரணித் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தொடமாட்டார்கள். அவர் ஃபுல்பேக்கைப் பிடிக்கப் பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். பாயாவிட்டால் பந்து ஃபுல்பேக்குக்கு. வெளியே ஓடினால் அங்கே இன்னொரு தடுப்பாளரைப் பார்த்து இதே கணக்கு மறுபடியும்: தானே ஓடுவதா, ஹாஃப்பேக்கிடம் தள்ளுவதா?

முதல் ஆட்டம் டிரா, இரண்டாவது தோல்வி. வொர்ஸ்டர் பந்து கைக்கு வருவதற்குள் இடைவெளியை அடைந்துவிடுகிறார் என்று அவரைச் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். குவார்ட்டர்பேக்கையும் மாற்றினார்கள். அடுத்த 30 ஆட்டங்களிலும் தொடர்ந்து வெற்றி. 30-க்கும் அந்த ஒரு மாற்றம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபுல்பேக் நிற்கும் இடம் சிறிது மாறினால் மொத்த இயந்திரத்தின் நேரக்கணக்கும் மாறும் என்பது இதில் தெரிகிறது.

1970 செப்டம்பர் 12 அன்று பர்மிங்ஹாமில் நடந்த ஆட்டத்தில் சதர்ன் கலிஃபோர்னியா அணியின் ஃபுல்பேக் சாம் கன்னிங்ஹாம் 12 முறை பந்தைச் சுமந்து 135 கெஜம் ஓடினார், இரண்டு டச்டவுன். எதிரே நின்ற அலபாமா அணியில் அன்று களமிறங்கியவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். கன்னிங்ஹாம் கறுப்பர். 42-21 என்று அலபாமா தோற்றது. 'அந்த ஒரு மாலையில் அலபாமா மனம் மாறியது' என்ற கதை பிறகு பரவியது. உண்மையில் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரை அலபாமா ஏற்கெனவே சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆடக்கூடாது என்ற விதியால் அவர் அன்று களத்தில் இல்லை, அவ்வளவுதான். கதையைச் சுருக்கிக்கொண்டாலும் ஒன்று மிஞ்சும்: அன்றைக்கு ஃபுல்பேக் ஊர் முழுக்கப் பேசிய பெயராக இருக்க முடிந்தது.

மூன்றாவது காட்சி 1995 ஜனவரி 1, மயாமியில் ஆரஞ்சு பவுல். டாம் ஆஸ்போர்னின் நெப்ராஸ்கா கடைசிக் கால்பகுதியில் மயாமியைவிடப் பின்தங்கியிருந்தது. மயாமியின் தடுப்பு வரிசை மின்னல் வேகம், அதில் வாரன் சாப் வேறு. ஆஸ்போர்ன் அந்த வேகத்தோடு போட்டி போடவில்லை, அதையே பயன்படுத்தினார். பாய்ந்து வருபவரை உள்ளே விட்டுவிடுவார்கள். அடுத்த பக்கத்து கார்டு குறுக்காக ஓடிவந்து அவரைப் பக்கவாட்டில் மோதித் தள்ளுவார். அவர் விட்டுவந்த இடத்தின் வழியாக ஃபுல்பேக் நேராகப் போவார். இதற்கு 'டிராப்' என்று பெயர். கோரி ஷ்லெசிங்கர் இப்படி 15 கெஜம் ஒரு முறை, 14 கெஜம் ஒரு முறை ஓடி இரண்டு டச்டவுன் போட்டார். நெப்ராஸ்கா 24-17 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது.

சரி, கணக்கைப் பார்ப்போம்

இவ்வளவு பயன்பட்டவரை ஏன் வெளியே அனுப்பினார்கள்? 'காலம் மாறிவிட்டது, எல்லாரும் பந்து வீச ஆரம்பித்துவிட்டார்கள்' என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. மீதிப் பாதி கூட்டல் கழித்தல்.

பழைய 'ஐ' அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு ரிசீவர்கள் ஓரங்களில் நிற்கிறார்கள், அவர்களைக் காக்க எதிரணியில் இருவர் போய்விட்டார்கள். ஆழத்தில் ஒரு சேஃப்டி நிற்கிறார். 11-ல் 3 போக, நடுவில் 8 தடுப்பாளர்கள். நம் பக்கம் பிளாக் செய்ய 5 முன்வரிசைக்காரர்கள், ஒரு டைட் எண்ட், ஒரு ஃபுல்பேக், ஆக 7 பேர். பந்தைச் சுமப்பவர் பிளாக் செய்ய முடியாது. பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக் சும்மா நிற்கிறார். 8-க்கு 7. எப்போதும் ஒரு ஆள் குறைவு.

இந்தக் குறையை ஃபுல்பேக் எப்படி ஈடு செய்தார்? ஐந்து முன்வரிசைக்காரர்களும் ஒரு டைட் எண்டும் நின்றால், இரண்டு ஓரங்களையும் சேர்த்து 7 இடைவெளிகள். எதிரணி ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும். ஃபுல்பேக் ஒரு பக்கம் பாய்ந்து முட்டினால் அந்த இடத்தில் எட்டாவதாக ஒரு இடைவெளி பிறக்கிறது. அது எந்தப் பக்கம் என்று ஸ்னாப் ஆகும் வரை எதிரணிக்குத் தெரியாது. அவர் சுமந்து வந்தது உடல் எடை மட்டும் இல்லை, தகவலும்தான். கடைசி நொடி வரை வெளியே தெரியாத தகவல்.

இப்போது ஸ்பிரெட் அமைப்புக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறு கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் வளர்த்தெடுத்த 'ஸோன் ரீட்' இதன் மையம். குவார்ட்டர்பேக் ஸ்னாப் வாங்கும் இடத்திலிருந்து பின்னால் தள்ளி நிற்பார், ஓட்டக்காரர் பக்கத்தில். முன்வரிசை மொத்தமும் ஒரு பக்கமாக நகரும். எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை யாரும் தொடமாட்டார்கள். அவர் ஓட்டக்காரரைத் துரத்தினால், அவர் விட்ட இடத்தில் குவார்ட்டர்பேக் ஓடுவார். நின்றால், பந்து ஓட்டக்காரருக்கு. விஷ்போனில் பார்த்த அதே கணக்கு, வேறு சட்டை!

இதில் நான்கு ரிசீவர்கள். அவர்களோடு நான்கு தடுப்பாளர்கள் வெளியே போய்விடுகிறார்கள். ஆழத்தில் ஒருவர். நடுவில் 6 பேர்தான். நம்மிடம் 5 முன்வரிசைக்காரர்கள். ஆறாவது ஆளைக் குவார்ட்டர்பேக் கண்ணாலேயே பிளாக் செய்கிறார். 6-க்கு 6, கணக்கு நேர்.

அதாவது ஃபுல்பேக்கின் முதல் வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. லைன்பேக்கரை முட்டித் தள்ளுவதற்குப் பதில், ஒரு ஸ்லாட் ரிசீவர் 15 கெஜம் தள்ளி நின்று அவரைத் தொடாமலே வெளியே இழுத்துப் போகிறார். மிச்சமுள்ள ஒருவரைக் குவார்ட்டர்பேக் ஏமாற்றுகிறார். கல்லூரி மைதானத்தில் இது இன்னும் நன்றாகப் பலிக்கும். நடுவிலுள்ள ஹாஷ் கோடுகளுக்கு இடையே இங்கே 40 அடி. தொழில்முறை ஆட்டத்தில் 18 அடி 6 அங்குலம்தான். பந்து கோட்டருகில் இருந்தால் மறுபக்கம் பெரிய வெற்றுநிலம் கிடைக்கும். அதைக் காக்க ஆள் அனுப்பியே ஆக வேண்டும்.

முன்பு சொன்ன நாலு பேர் விதி இங்கே வருகிறது. முன்வரிசைக்கு ஒரு கெஜம் பின்னால் நிற்கும் ஸ்லாட் ரிசீவரும் விதிப்படி 'பேக்'தான். ஆட்டவிதிக்கு ஃபுல்பேக், டெயில்பேக் என்ற வேறுபாடெல்லாம் பொருட்டில்லை. இருப்பது நாலு நாற்காலி. அதில் ஒன்றைத் தூக்கி ஓரத்தில் போட்டார்கள், உட்காரும் ஆளையும் மாற்றினார்கள்.

மற்ற வேலைகளும் இதே போலக் கைமாறின. இரண்டாவது வேலையான நடுவில் புகும் மிரட்டல், ஸோன் ரீடில் ஓட்டக்காரருக்குப் போனது. சிறு தூரம் இடித்து முன்னேறும் வேலை பல அணிகளில் குவார்ட்டர்பேக்குக்கே போனது. 2007-ல் ஃபுளோரிடாவின் டிம் டீபோ 32 டச்டவுன் வீசினார், 23 டச்டவுன் ஓடினார், ஹைஸ்மன் விருதும் வாங்கினார். கோட்டருகே அவர் ஓடியதைப் பார்த்தால் எந்த ஊர் ஃபுல்பேக்கும் உரிமை கொண்டாடுவார். வீச்சின்போது காக்கும் வேலை பாதி ஓட்டக்காரரிடம் வந்தது. மீதிப் பாதி, பந்தை மூன்று நொடிக்குள் வீசிவிடும் பழக்கத்தால் தேவையில்லாமல் போனது.

ஆனால் முழுதாகப் போகவில்லை

இங்கேதான் என் பழைய குறிப்பு உதைக்கிறது. ஸ்பிரெட்டை வளர்த்த அதே ராட்ரிகஸ் பின்னாளில் வெஸ்ட் வர்ஜீனியாவில் பயிற்சியாளராக இருந்தபோது அவர் அணியில் ஓவன் ஷ்மிட் என்றொரு ஃபுல்பேக் இருந்தார். விஸ்கான்சின்-ரிவர் ஃபால்ஸ் என்ற மூன்றாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து, ஊக்கத்தொகை எதுவும் இல்லாமல் 'வாக்-ஆன்' ஆக வந்து சேர்ந்தவர். 2008 ஜனவரியில் ஒக்லஹோமாவுக்கு எதிரான ஃபியஸ்டா பவுலில் அவர் 57 கெஜம் ஓடிப் போட்ட டச்டவுன் இன்றும் பேசப்படுகிறது. ராட்ரிகஸ் அதற்குள் மிஷிகனுக்குப் போய்விட்டிருந்தார், ஆனால் அணியும் ஆட்டமுறையும் அவர் விட்டுப் போனவைதான். மின்னல் வேக ஸ்பிரெட் அணிக்குள் இப்படியொரு முட்டுக்கட்டை எதற்கு?

காரணம் எதிரணி சும்மா இருக்கவில்லை என்பதுதான். நாலு ரிசீவர்களைச் சமாளிக்க அவர்கள் கனமான லைன்பேக்கரை வெளியே எடுத்துவிட்டு, ஐந்தாவதாக ஒரு மெலிந்த டிஃபென்சிவ் பேக்கைக் கொண்டுவந்தார்கள். யாரும் தொடாத டிஃபென்சிவ் எண்டுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்: பாயாதே, நின்று குழப்பு. இப்போது 110 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடிவந்து முட்டினால்? எதிரே நிற்பவர் இலகுவானவர், இப்படி முட்டு வாங்கிப் பழகாதவர். பழைய மருந்து மறுபடி வேலை செய்கிறது.

இதைச் செய்பவர் இப்போது டெயில்பேக்குக்கு முன்னால் நிற்பதில்லை. முன்வரிசைக்கு ஒன்றிரண்டு கெஜம் பின்னால், கார்டுக்கோ டேக்கிளுக்கோ பின்புறம் ஒடுங்கி நிற்பார். 'எச்-பேக்' என்பார்கள், 'ஸ்னிஃபர்' என்பார்கள். ஸ்னாப் ஆனதும் முன்வரிசை ஒரு பக்கம் போக, இவர் எதிர்ப்பக்கம் குறுக்கே ஓடி, யாரும் தொடாத அந்த எண்டை மோதித் தள்ளுவார். அடுத்த முறை அதே போல ஓடி, மோதாமல் அவரைச் சுற்றிக்கொண்டு போய், குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் வழி விலக்குவார். மூன்றாவது முறை, நழுவிப் போய்ப் பந்தைப் பிடிப்பார். அந்த எண்டுக்கு மூன்றும் முதல் அடியில் ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்னாப் வரை மறைந்திருந்த பழைய தகவல் இப்போது ஸ்னாப்புக்குப் பிறகும் மறைந்திருக்கிறது.

2013-ல் கஸ் மல்சானின் ஆபர்ன் அணி நாட்டிலேயே ஓட்டத்தில் முதலிடம். கூடி நின்று பேசாமல் வேக வேகமாக ஆடும் ஸ்பிரெட் அணி அது. அதற்குள் ஜே புரோஷ் என்ற ஃபுல்பேக் வழி திறந்துகொண்டிருந்தார். மிசௌரிக்கு எதிரான எஸ்.இ.சி. இறுதி ஆட்டத்தில் டிரே மேசன் 46 முறை சுமந்து 304 கெஜம் ஓடினார். தாளில் இருப்பது மேசனின் 304 மட்டும். பிளாக் செய்தவருக்கு அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தில் கட்டமே கிடையாது.

2023 பருவத்தில் தேசிய சாம்பியன் ஆன மிஷிகன் அணியில் மேக்ஸ் பிரெடிசன் செய்தது பெரும்பாலும் பழைய ஃபுல்பேக் வேலை. அடுத்த வருடம் அணித் தலைவர்களில் ஒருவர். பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது டைட் எண்ட். என் தேடலில் இவர் எப்படிச் சிக்குவார்?

இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஆட்டத் தரவில் களத்தில் இருப்பவர்களை இரண்டு இலக்கத்தில் குறிப்பார்கள். முதல் இலக்கம் ரன்னிங் பேக்குகள், இரண்டாவது டைட் எண்டுகள். 21 என்றால் இரண்டு பேக், ஒரு டைட் எண்ட். டைட் எண்ட் என்று பதிவான ஒருவர் ஃபுல்பேக் வேலை செய்தால், 21 என்று எழுத வேண்டியது 12 ஆகிவிடும். 'இரண்டு பேக் அமைப்பு குறைந்துவிட்டது' என்று அட்டவணை சொல்லும். நாமும் நம்பிவிடுவோம்.

பெயரோடு இருக்கும் இடம்

ஃபுல்பேக்கைப் பழைய பொருளிலேயே வைத்திருப்பவை முக்கியமாக ராணுவ அகாடமிகள்: ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ். முன்வரிசைக்கு மலை போன்ற ஆட்கள் அங்கே கிடைக்கமாட்டார்கள். அதனால் ஆட்களை முட்டாமல் விட்டு ஏமாற்றும் ஆப்ஷன் ஆட்டம் அவர்களுக்கு வசதி. 2022-ல் இடுப்புக்குக் கீழே பிளாக் செய்வதை முன்வரிசையின் நடுப்பகுதியோடு நிறுத்தும் விதி வந்தது. ஓரங்களில் அதை நம்பியிருந்த ஆப்ஷன் அணிகளுக்குப் பலத்த அடி. 2023-ல் ஆர்மி நவீன ஷாட்கன் பாணிக்கு மாறிப் பார்த்தது. ஆறு வெற்றி, ஆறு தோல்வி. 2024-ல் பழைய பாணியின் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 12 வெற்றி, 2 தோல்வி, அகாடமியின் வரலாற்றிலேயே முதல் லீக் பட்டம். குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி ஓடிப் போட்ட டச்டவுன் மட்டும் 32. பெயர் உள்ள இடத்திலும் பாருங்கள், இடிக்கும் வேலையில் பெரும்பங்கு குவார்ட்டர்பேக்கிடம் போய்விட்டது.

ஆக, பழைய வரியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "ஃபுல்பேக் ஒழியவில்லை. வேலை பங்கு பிரிந்தது. முட்டும் பங்கு மட்டும் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது."

வேலை நடக்கிறதே, பெயர் என்னவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். பெயரால்தான் இடம் ஒதுக்குகிறார்கள் என்பது என் பதில். 2025-ல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்பு ஊக்கத்தொகைக்கு 85 என்று வரம்பு இருந்தாலும், வாக்-ஆன்களை அதற்கு மேலும் சேர்த்துக்கொள்ள இடம் இருந்தது. இந்த முட்டும் வேலைக்கு வந்தவர்களில் பலர் அந்தப் பின்வாசல் வழியாக வந்தவர்கள். இனி ஒவ்வொரு இடமும் கணக்கு. தாளில் எண் இல்லாத வேலைக்கு, பட்டியலில் குறி இல்லாத ஆளுக்கு 105-ல் ஓர் இடம் கேட்டு யார் வாதாடுவார்கள்? களத்தின் கணக்குப்படி அவர் தேவை. அலுவலகக் கணக்கில் அவருக்குப் பத்தியே இல்லை.

மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் இன்னொரு ஓவன் ஷ்மிட் இப்போதும் இருக்கலாம். அடுத்த முறை பட்டியல்களைப் புரட்டும்போது 'எஃப்.பி.' என்று தேடப் போவதில்லை. முன்வரிசைக்குப் பின்னால் ஒடுங்கி நிற்பவர் யார் என்று வீடியோவைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். நேரம் பிடிக்கும். வேறு வழி தெரியவில்லை.